ஒன்றாம் நம்பர் முகம்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு குடும்பம். ஒன்று நானும் மகளும். இன்னொன்று கறுப்புப் பைக்குள் படுத்திருக்கிறது. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்வேன். சிரிப்பாரே தவிர மறுக்கமாட்டார்.

வாரத்தில் ஐந்து நாள் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்கெழுதுகிற கிராணி வேலை. சனி ஞாயிறு வந்தால் பினாங்கில் எந்த மண்டபத்தில் மேளம் கொட்டுகிறதோ அங்கே இருப்பார், கழுத்தில் ஒரு கேமரா, தோளில் ஒரு கேமரா. நாங்கள் கல்யாணம் கட்டின நாளிலிருந்து இதே கதைதான். மனுஷன் குடிக்கமாட்டார், சீட்டாடமாட்டார், சாப்பாட்டில் உப்பில்லை என்று ஒரு நாள் சொன்னதில்லை. போகட்டும், இந்த ஒரு கிறுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன வருஷம் அந்தப் புதுக் கேமரா வீட்டுக்கு வந்தது. பெட்டியைப் பிரிக்கும் முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவினார். சாமி படத்துக்கு முன்னால் வைத்து விபூதி குங்குமம் வைக்கப் போனார். "தூள் உள்ள போயிடப் போகுது" என்றேன்.

"போகாது. தூசி, மழைத் தூறல் எதுவும் உள்ள போகாம அடைச்சிருக்கான்" என்று பெருமையாகச் சொன்னவர், கடைசியில் குங்குமத்தைக் கழுத்தில் மாட்டுகிற வாரில் வைத்தார். கேமராவில் வைக்க மனசு வரவில்லை.

அன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பிப்பார். "இது ஃபுல் ஃப்ரேம், தெரியுமா? அந்தக் காலத்து ஃபிலிம் என்ன அளவோ, உள்ள இருக்கிற சென்சார் அதே அளவு. முப்பத்தாறுக்கு இருபத்துநாலு மில்லிமீட்டர். என் பழைய கேமராவுல அதுல பாதிகூட இல்ல."

"சரி, அதனால என்ன?"

"வெளிச்சம் நெறைய வாங்கும் லா. மண்டபம் எவ்வளவு மங்கலா இருந்தாலும் படம் மணல் கொட்டின மாதிரி வராது."

நாற்பத்தைந்து மெகாபிக்சல். ஒரு செகண்டுக்கு இருபது படம். கை நடுங்கினாலும் நடுக்கத்தை உள்ளேயே சரிக்கட்டிவிடும். ஆளின் கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்கும். பட்டனை அமுக்குவதற்கு அரை செகண்டுக்கு முன்னால் நடந்ததைக்கூட எடுத்து வைத்திருக்கும். எனக்கு எல்லாம் மனப்பாடம். சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடியில் லிஃப்டில் ஏறினால் யார் அகப்பட்டாலும் விடமாட்டார். ஒரு நாள் மேல் மாடிச் சீனக் கிழவரைப் பிடித்துக்கொண்டு மலாயில் சென்சார் பாடம் எடுத்தார். அந்த மனுஷன் ஆறாவது மாடியிலேயே இறங்கிவிட்டார். அவர் வீடு பதினொன்றாவதில்.

"டீ போடுமா உங்க கேமரா?" என்று கேட்டேன்.

"கிண்டல் பண்ணாத. ரெண்டு கார்டு போடலாம் இதுல. ஒரே படத்தை ரெண்டுலயும் எழுதும். ஒன்னு கெட்டாலும் இன்னொன்னு இருக்கும்." இதைச் சொல்லும்போது மட்டும் குரலை இறக்கிக்கொண்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். அது எங்கள் வீட்டுப் பழைய புண்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படம் கிடையாது. முப்பத்தாறு படம் எடுக்கிற ஃபிலிம் ரோல் காலம் அது. படம் எடுக்க வந்தவர் கடைசி நான்கு படத்தை என் மாமன்மார் வாழை மரத்துக்குப் பக்கத்தில் நின்று போஸ் கொடுத்ததற்குச் செலவழித்துவிட்டு, கெட்டிமேளம் கொட்டும்போது தூணுக்குப் பின்னால் ரோல் மாற்றிக்கொண்டிருந்தார். ஆல்பத்தில் ஒரு பக்கத்தில் என் கழுத்தில் தாலி இல்லை. அடுத்த பக்கத்தில் இருக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி ஊர் ஜனம் மட்டும்தான்.

நானும் பார்க்கவில்லை. தாலி ஏறும்போது பெண் குனிந்துதானே இருக்க வேண்டும்? என் பட்டுப்புடவை முந்தானையில் இருந்த மாங்காய்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் விரல் பட்டதும் குளிர்ந்தது, அது ஞாபகம் இருக்கிறது. அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

"அப்ப உங்க முகம் எப்படிங்க இருந்துச்சு?"

"எல்லா மாப்பிள்ளைக்கும் இருக்கிற மாதிரிதான்" என்பார். இவரிடம் ஒரு வார்த்தை பிடுங்க முடியாது. சென்சாரைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்.

இப்படி இருக்கும்போதுதான் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீடு அக்கரையில், சுங்கை பாக்காப்பில். பையன் என் மகளோடு ஒரே ஆபீஸில் வேலை செய்கிறவன், நல்ல சிரித்த முகம். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நிச்சயம் முடிந்த வாரமே என் வீட்டுக்காரர் கேமராவைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார்.

"தாரை வார்த்துக் கொடுத்ததும் மணவறையிலேர்ந்து சட்டுனு இறங்கிடுவேன். தாலி கட்றதுக்குள்ள முன்னால வந்து நின்னுடுவேன். நாலு எட்டுதான்" என்று திட்டம் போட்டார்.

மகள் கையிலிருந்த ஃபோனைக் கீழே வைத்தாள். "பா, எனக்கு ஒன்னே ஒன்னுதான் வேணும். தாலி கட்டும்போது நீங்க என் பக்கத்துல நிக்கணும். கேமரா இல்லாம."

"அப்ப படம்?"

"என் பர்த்டே, ஸ்கூல் கச்சேரி, பட்டம் வாங்கினது, எல்லாத்துலயும் நான் நிமிந்து பாத்தா உங்க முகம் இருக்கிற எடத்துல ஒரு லென்ஸ்தான் இருக்கும். கல்யாணத்தன்னிக்காவது உங்க முகம் இருக்கட்டும் பா." சொல்லிவிட்டு எழுந்து ரூமுக்குப் போய்விட்டாள். அவளும் என்னை மாதிரிதான், சொல்ல வேண்டியதைச் சொன்னால் அதோடு சரி.

அவர் அன்று இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்ளவில்லை.

தொழிலில் இருக்கிற நண்பர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டார். அது நல்ல முகூர்த்த நாள், எல்லோருக்கும் முன்பே வேலை இருந்தது. ஒருவர் மட்டும் வீடியோவுக்கு வருகிறேன் என்றார். அப்போ படம் யார் எடுப்பது? அந்தக் கேமராவை அவரைப் பெற்ற தாய் கேட்டாலும் கொடுக்கமாட்டார். அவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நீ எடுக்கறியா?" என்றார். கேட்டுக்கொண்டே கேமராப் பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபது வருஷமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து உட்கார்ந்திருப்பவள். தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒட்டியிருக்கிறதா விட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அவர் வாயால் பேசுகிற ஃபோகஸை நான் கண்ணால் செய்து சம்பளம் வாங்குகிறேன். அதுவும் போக, என் மகள் ஆல்பத்திலும் ஒரு பக்கத்தில் வெறும் கழுத்து, அடுத்த பக்கத்தில் தாலி என்று ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது. "கொடுங்க இப்படி" என்று கையை நீட்டினேன்.

நல்ல கனம். லென்ஸோடு சேர்த்தால் ஒரு நடுத்தரப் பூசணிக்காயைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்த மாதிரி இருந்தது. முதல் வாரம் தோள்பட்டைக்குத் தைலம் தேய்த்தேன். அவர் பாடம் எடுக்கிற லட்சணம் இருக்கிறதே! ஒரு பட்டனைக் காட்டச் சொன்னால் அந்த பட்டன் எப்படிப் பிறந்தது, அதற்கு முன்னால் என்ன பட்டன் இருந்தது என்று ஆரம்பிப்பார். "ஏங்க, கல்யாணம் தை மாசம். அதுக்குள்ள முடிப்பீங்களா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் விஷயத்துக்குக் கொண்டுவருவேன்.

ஆனால் மைக்ராஸ்கோப் வேலை கைகொடுத்தது. "இந்த லென்ஸை முழுசாத் தெறந்து வெச்சா ஒரு சாண் ஆழத்துக்குத்தான் தெளிவா விழும். அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் எல்லாம் மங்கிடும். ஃபுல் ஃப்ரேம்ல அதுதான் அழகு, அதுதான் ஆபத்து" என்றார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மைக்ராஸ்கோப்பிலும் அதே கதைதானே, ஒரு பக்கத்தைப் பிடித்தால் மறுபக்கம் போய்விடும். இதைச் சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பத்து வயசு குறைந்துவிட்டேன்.

அவருக்குக் கல்யாண வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பஸ் ஏறி லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். நிச்சயமாகச் சொல்கிறேன், கல்யாணம் ஆன புதிதில்கூட நாங்கள் இப்படிச் சுற்றியதில்லை. மார்க்கெட் ஸ்திரீட்டில் பூக்கடை, மசாலாக்கடை, காசு மாற்றுகிற கடை, எல்லாவற்றுக்கும் முன்னால் அவரை நிறுத்தி எடுத்தேன். கடைகளுக்கு முன்னால் போகிற அஞ்சடி நடைபாதையில் பாதி நிழல், பாதி வெயில். அங்கே நிற்கச் சொல்லிவிட்டு எதிர்ப்புறம் போய் நின்றுகொண்டேன். நடுவில் திரிஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா போகும், லாரி போகும், ஆட்கள் போவார்கள். கேமராவுக்குள் ஒரு சின்ன வெள்ளைச் சதுரம் அவர் கண்ணைப் பிடித்துக்கொண்டு விடாது. கட்டம் போட்ட சட்டையில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் நின்ற கோலத்தைப் பார்க்க வேண்டுமே. மத்தவர்களை ஆயிரம் தடவை "இயல்பா நில்லுங்க" என்று விரட்டினவர். எதிரே கேமரா வந்ததும் மரக்கட்டை.

"சிரிங்க" என்றேன்.

"சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

பூக்கடை அக்கா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "யாருக்குண்ணே பொண்ணு பாக்கறாங்க, உங்களுக்கா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கேமரா ஆடியது. ஆடினாலும் படம் தெளிவாகத்தான் விழுந்தது. நடுக்கத்தைச் சரிக்கட்டும் என்று அவர் சொன்னது பொய் இல்லை. முடித்துவிட்டு ரொட்டி சானாய் தின்று, நுரை பொங்க ஆற்றின தே தாரேக் டீ குடித்தோம். ரொம்ப சந்தோஷமாக இருந்தது எனக்கு.

இங்கேதான் அழைப்பிதழ் கதையைச் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளைக்கு ஒரு பெரியப்பா. ஆள் நல்லவர், தங்கமானவர், ஆனால் மரியாதையில் ஒரு குண்டுமணி குறைந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். எங்கள் பத்திரிகையின் முதல் அச்சில் அவர் தம்பி பெயர், அதாவது மாப்பிள்ளையின் அப்பா பெயர், மேலேயும் அவர் பெயர் கீழேயும் விழுந்துவிட்டது. யார் வீட்டுக் கல்யாணத்தில்தான் இது நடக்கவில்லை? பெரியப்பா எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்து தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். திரும்ப அச்சடித்தோம். பெரியவர்கள் மேலே, வயசு வரிசைப்படி, பெண்ணும் மாப்பிள்ளையும் கடைசியில். அதற்குப் பிறகுதான் அவர் எங்கள் வீட்டில் சோறு தின்றார். எனக்கு அந்தப் பயம் மனசில் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் வீட்டுக்காரர் கேமராவில் கடைசிப் பாடத்தைச் சொன்னார். இதில் ஆட்களின் முகத்தைப் பதிந்து வைக்கலாமாம். பதிந்துவிட்டால் எவ்வளவு கூட்டத்திலும் அந்த முகத்தைத்தான் தேடிப் பிடிக்குமாம். எனக்குக் காட்டுவதற்காகத் தன் முகத்தையே பதிந்து காட்டினார். "இதே மாதிரி நம்ம பொண்ணு முகத்தைப் பதிஞ்சிரு. எத்தனை பேர் குறுக்க வந்தாலும் அவளை விடாது" என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்கு ஏதோ பார்க்கப் போய்விட்டார்.

நான் தனியாக உட்கார்ந்து, நிச்சயத்தன்று எடுத்த படங்களிலிருந்து மகள் முகத்தைப் பதிந்தேன். பார்த்தால் இன்னும் இடம் இருந்தது, பத்துப் பேர் வரைக்கும் போடலாம். மகளை மட்டும் போட்டு மற்றவர்களை விட்டால் எப்படி? சம்பந்தி வீட்டுப் படம் மங்கலாக வந்து, நாளைக்கு அதற்கும் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால்? மாப்பிள்ளை, அவன் அப்பா அம்மா, பெரியப்பா, எல்லோரையும் பதிந்தேன். திரையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு வரிசைப்படுத்தச் சொல்லியது. எனக்கா வரிசை தெரியாது? அச்சடித்த பத்திரிகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுப் பத்திரிகை என்பதால் ஒன்று, என் வீட்டுக்காரர். இரண்டு, பெரியப்பா. மூன்று, நான்கு, சம்பந்தியும் சம்பந்தி அம்மாவும். ஐந்து, மகள். ஆறு, மாப்பிள்ளை. ஒரு மரியாதைக் குறைவும் இல்லாமல் முடித்த திருப்தியில் ஒரு காப்பி போட்டுக் குடித்தேன். அவரிடம் சொல்லவில்லை. நானும் கேமராவில் ஒரு வேலையைத் தனியாகச் செய்தேன் என்று பிறகு பீற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கல்யாண நாள் வந்தது. கோயில் மண்டபம் நிரம்பி வழிந்தது. பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, அதற்கு மேல் கேமரா வார். வாரும் ஆரமும் சிக்கிக்கொண்டு ஒன்றையொன்று விடமாட்டேன் என்றன. மகளைக் கூட்டிவந்து மணவறையில் உட்கார வைத்தார்கள். அவளைப் பார்த்ததும் எனக்குக் கேமராவும் மறந்தது, ஃபோகஸும் மறந்தது. அவ்வளவு அழகு.

முதல் படம் எடுக்கும்போதே கேமரா சண்டித்தனம் செய்தது. மகளைக் குறிவைத்தால் வெள்ளைச் சதுரம் தாவிப்போய் பின்னால் நிற்கிற என் வீட்டுக்காரர் முகத்தில் உட்காருகிறது. அவர் நகர்ந்தால் பெரியப்பாவைத் தேடிப் போகிறது. மறுபடி மகளைக் காட்டினால் மறுபடி அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு வக்கணை பேசினாரே, கண்ணைப் பிடிக்கும் மூக்கைப் பிடிக்கும் என்று! இவர் வளர்த்த கேமரா இவரைத்தான் சுற்றும் போலிருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கேட்கலாம் என்றால் அவர் மணவறையில், ஐயர் பக்கத்தில்.

தாரை வார்க்கக் கூப்பிட்டார்கள். கேமராவை வீடியோக்காரரிடம் கொடுத்துவிட்டு மேலே ஏறினேன். என் வீட்டுக்காரர் கையில் மகள் கை, அதற்குக் கீழே மாப்பிள்ளை கை. நான் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். என் கை நடுங்கியது. அதைச் சரிக்கட்ட ஒரு சென்சாரும் இல்லை. ஊற்றி முடித்ததும் இறங்கி ஓடினேன். "பொண்ணோட அம்மா எங்க ஓடறாங்க?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. கேமராவை வாங்கிக்கொண்டு, செருப்பில்லாத காலோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்றேன்.

ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். மகள் குனிந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. நம் ஜனத்தைப் பற்றித் தெரியுமே, அந்த நிமிஷத்தில் முன்வரிசை மொத்தமும் எழுந்து நிற்கும், ஒவ்வொரு கையிலும் ஒரு ஃபோன். நான் பட்டனை அமுக்கினேன். சதுரம் எங்கே? மகளுக்குப் பின்னால் நிற்கிற என் வீட்டுக்காரர் முகத்தில்! ஆணி அடித்த மாதிரி. விரலை எடுத்துத் திரும்ப அமுக்கினேன். அங்கேதான். ஒரு சாண் ஆழம்தான் தெளிவாக விழும் என்றாரே, அவருக்கும் மகளுக்கும் நடுவில் எத்தனை சாண்! கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது பார்த்து முன்னால் ஒரு கறுப்புப் பலகை எழும்பியது. பெரியப்பா. இரண்டு கையாலும் ஒரு பெரிய டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என் படத்தின் மேல் பாதியே போய்விட்டது. எனக்கு வாயில் வந்ததை எல்லாம் மனசுக்குள் திட்டினேன். திட்டிக்கொண்டே விரலை மட்டும் எடுக்கவில்லை. அட்சதை பறந்தது. மேளம் நின்றது. முடிந்துவிட்டது.

நாற்காலியிலிருந்து இறங்கியதும் அழுகை வந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த அம்மா அழுகிறாள் என்று நினைத்து நாலு பேர் தட்டிக்கொடுத்தார்கள். என் மகளுக்கும் என் கதிதான் என்று நான் அழுதது எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் மத்தியானம், மறுவீட்டுக்கு மகளும் மாப்பிள்ளையும் வருவதற்கு முன்னால், சாப்பாட்டு மேசையில் அவர் லேப்டாப்பை வைத்து கார்டைச் சொருகினார். நான் அடுப்படியில் இருந்து வெளியே வரவில்லை. "என்ன இது, எங்க பாத்தாலும் நானே இருக்கேன்?" என்றார். பிறகு கேமராவைத் திருப்பி எதையோ நோண்டிப் பார்த்தார். பிறகு ஒரு சத்தம். சிரிக்கிறாரா இருமுகிறாரா என்று எட்டிப்பார்த்தேன். மேசையில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இது பத்திரிகை இல்ல. ஒன்னாம் நம்பர்ல யாரைப் போடறியோ அவங்களைத்தான் மொதல்ல பிடிக்கும். அவங்க இல்லன்னாத்தான் ரெண்டாம் நம்பர். நீ பொண்ணையும் மாப்பிள்ளையையும் அஞ்சு ஆறுல போட்டிருக்க!"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "அப்ப தாலிப் படம் போச்சா?" என்றேன்.

"வா, வந்து பாரு."

கெட்டிமேளத்தின்போது எடுத்த படங்கள் மட்டும் நூற்றுக்கு மேல். ஒவ்வொன்றாகத் தள்ளினார். எல்லாவற்றிலும் மகளும் மாப்பிள்ளையும் மங்கல், பின்னால் இவர் முகம் மட்டும் கத்தி மாதிரித் தெளிவு. தள்ளிக்கொண்டே போனார். ஒரு படத்தில் மேலே கறுப்பாக ஒரு விளிம்பு எட்டிப்பார்த்தது. பெரியப்பாவின் டேப்லெட். அடுத்ததில் அது இன்னும் ஏறி, நின்றுகொண்டிருந்த இவர் முகத்தை முழுசாக மறைத்துவிட்டது. பெரியப்பாவும் எனக்கு முதுகைக் காட்டி நின்றார், சம்பந்தி இரண்டு பேரும் படத்துக்கு வெளியே. ஒன்று முதல் நான்கு வரை யாரும் கண்ணில் அகப்படாமல், கேமரா வேறு வழியில்லாமல் ஐந்தாம் நம்பருக்கு இறங்கி வந்திருந்தது. குனிந்த என் மகள் முகம். கழுத்துக்குப் பின்னால் மாப்பிள்ளையின் விரல்கள். மஞ்சள் கயிறு பாதி முடிச்சில். நூலின் முறுக்குகூடத் தெரிந்தது. அப்படிப்பட்ட படம் ஒன்பது.

"மேல இருக்கிற கறுப்பை வெட்டிடலாம். வெட்டினாலும் சுவர் முழுக்கப் பெரிசாப் போடலாம். அதுக்குத்தான் நாப்பத்தஞ்சு மெகாபிக்சல்" என்றார். அந்த நேரத்திலும் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை அவரால். நான் பெரியப்பா இருக்கிற திசையைப் பார்த்து மனசாரக் கும்பிட்டேன். பத்திரிகையில் அவர் பெயரை எந்த உயரத்தில் வேண்டுமானாலும் போடலாம்.

அவர் லேப்டாப்பை மூடப் போனார். "இருங்க" என்றேன். "அந்த மத்தப் படங்களையும் காட்டுங்க."

"அதுல ஒன்னுமில்ல. நான்தான்."

"அதைத்தான் காட்டச் சொல்றேன்."

முதலிலிருந்து மெதுவாகத் தள்ளினேன். தாலியை மாப்பிள்ளை வாங்கும்போது இவர் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டிருக்கிறார். கயிறு கழுத்தைத் தொடும்போது கண் நிறைகிறது. நிறைந்து, வழிந்து, மீசைக்குள் போகிறது. வாய் மட்டும் சிரிக்கிறது. நெஞ்சருகே வைத்திருந்த வலது கையில் ஆள்காட்டி விரல் மடங்குகிறது, நீள்கிறது, மடங்குகிறது. கையில் இல்லாத கேமராவின் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார் மனுஷன். ஒரு செகண்டுக்கு இருபது படம் என்கிற கணக்கில் எல்லாம் இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் அவர் அழுது பார்த்ததில்லை. குனிந்திருந்ததால் என் கல்யாணத்தில் பார்க்காமல் போன முகம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அவர் எழுந்துபோய் டீ போட்டார்.

சாயங்காலம் மகள் வந்தாள். தாலிப் படத்தைப் பார்த்து வாயெல்லாம் பல். பிறகு மற்றதைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். "நான் குனிஞ்சுட்டேன்மா. பக்கத்துல நில்லுங்கன்னு கேட்டுட்டு அப்பா முகத்தைப் பாக்கவே முடியல" என்றாள். மாப்பிள்ளை மெதுவாக அவள் தோளில் கை வைத்தான். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர் கையில் கரண்டியோடு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். இப்போது இரண்டு படமும் அவள் வீட்டுச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன.

அடுத்த சனிக்கிழமை அவருக்கு வேறு ஒரு கல்யாணம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேமராவைத் தயார் செய்துகொண்டே, "இந்த முகத்தையெல்லாம் அழிச்சிடட்டுமா?" என்று கேட்டார்.

"மத்ததை அழிங்க. ஒன்னாம் நம்பர்ல கைய வெச்சுப் பாருங்க."

"அதெப்படி? நாளைக்கு அந்தப் பொண்ணுல்ல ஒன்னாம் நம்பர்ல இருக்கணும். அங்கயும் அது என்னையே தேடினா?"

"நாளைக்குக் கேமரா யார் கையில இருக்கும்?"

"என் கையில."

"அப்புறம் அது எப்படி உங்களைப் பாக்கும்?"

சரி என்று தலையாட்டிவிட்டு, அந்தப் பெண்ணை இரண்டாம் நம்பரில் போட்டுப் பையை மூடினார். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது நான் சில நாள் கேமராவை எடுத்து அவர் பக்கம் திருப்புவேன். சதுரம் நேராகப் போய் அவர் முகத்தில் உட்கார்ந்துகொள்ளும். "ஐஎஸ்ஓ என்ன வெச்சிருக்க? வெளிச்சம் பத்துமா?" என்பார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். நான் பட்டனை அமுக்குவேன்.